இத்தாலிய மொழிபெயர்ப்பில் பழைய பேய்க்கதைகள்: தேடிப் படிப்பவர்களுக்கான இழை

#1 நூலகப்பூனை (துரின்)

வணக்கம் நண்பர்களே. திகில் பிரிவில் யார் இத்தாலியை எடுத்தாலும் பேச்சு சினிமாவுக்குப் போய்விடுகிறது. புத்தகங்களுக்கென்று தனியாக ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ தொடங்கிவிட்டேன்.

1764 டிசம்பரில் லண்டனில் 'ஒட்ரான்டோ கோட்டை' வெளிவந்தது. கோதிக் நாவல் (பழைய கோட்டை, பேய், மர்மம் என்று போகும் திகில் கதை) என்ற வகையே அதிலிருந்துதான் ஆரம்பம் என்பார்கள். எழுதியவர் ஹொரேஸ் வால்போல். ஆனால் முதல் பதிப்பின் முகப்பில் அவர் பெயரே கிடையாது. ஒட்ரான்டோ ஊர்ப் பாதிரியார் ஒனுஃப்ரியோ முரால்ட்டோ இத்தாலிய மொழியில் எழுதியதை வில்லியம் மார்ஷல் என்பவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததாக அச்சிட்டிருந்தார்கள். 1529இல் நேப்பிள்ஸில் அச்சான பிரதி, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்தது என்று முன்னுரையில் ஒரு கதை வேறு. பாதிரியாரும் இல்லை, மார்ஷலும் இல்லை. புத்தகம் நன்றாக ஓடிய பிறகு, இரண்டாம் பதிப்பில்தான் வால்போல் தன் வேலை என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது 1959 டிசம்பருக்கு வாருங்கள். ரோமில் 'இ ரக்கோன்தி தி திராகுலா' என்று ஒரு மலிவு விலைத் தொடர் பத்திரிகைக் கடைகளில் தொங்க ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்த டிராகுலா படம் வந்த சூடு ஆறாத நேரம். அட்டையில் எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். உள்ளே 'ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பு' என்று ஒரு வரி. எழுதியவர்கள் அத்தனை பேரும் இத்தாலியர்கள்! ஃப்ராங்க் கிரேகோரியுஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் லீபெரோ சமாலே என்ற மருத்துவர். இந்தத் தொடர் 1981 வரை வந்தது.

ஆங்கிலப் பேய்க்கதை, இத்தாலியிலிருந்து வந்தேன் என்று சொல்லிப் பிறந்தது. இத்தாலியப் பேய்க்கதை, இங்கிலாந்திலிருந்து வந்தேன் என்று சொல்லிப் பிழைத்தது. நடுவில் இருக்கும் இருநூறு ஆண்டுகளில் உண்மையான மொழிபெயர்ப்பாளர்களும் தொகுப்பாசிரியர்களும் பார்த்த வேலை மலைபோல் கிடக்கிறது. என் கட்சி இதுதான்: இத்தாலியில் அமானுஷ்யக் கதையை வளர்த்தவர்கள் அவர்கள். புதுப் பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக அவர்களுடைய பழைய பதிப்புகளைத் தள்ளிவைக்கக் கூடாது. அவற்றையும் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும்.

உங்களிடம் என்ன இருக்கிறது, எங்கே கிடைத்தது, எல்லாவற்றையும் இங்கே கொட்டுங்கள்.

#2 கோதிக்ராஜா (மதுரை)

அக்கா, பதிவு அருமை. ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'டிராகுலா' எழுதிய ஸ்டோக்கர், 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி, அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எல்லாரும் எழுதியது ஆங்கிலம். நான் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டேன். மூலம் கையில் இருக்கும்போது இத்தாலிய மொழிபெயர்ப்பை எதற்காகத் தேட வேண்டும்? இத்தாலியருக்கு அது தேவை, சரி. நமக்கு?

#3 நூலகப்பூனை (துரின்)

கேட்க வேண்டிய கேள்விதான் ராஜா. ஒரே ஒரு கதையை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மேரி ஷெல்லி 1833இல் 'த மார்ட்டல் இம்மார்ட்டல்' என்று ஒரு சிறுகதை எழுதினார். தனக்கு முந்நூற்று இருபத்து மூன்று வயது நிறைகிறது என்று சொல்லிக்கொண்டே கதையை ஆரம்பிக்கிறான் வின்ஸி. ரசவாதி கொர்னேலியஸ் அக்ரிப்பாவிடம் வேலை பார்த்த பையன். பெர்த்தா என்ற பெண்ணின் மேல் காதல். அவள் படுத்தும் பாடு தாங்கவில்லை. குருவின் கண்ணாடிக் குடுவையில் இருப்பது காதல் நோய்க்கு மருந்து என்று நம்பி எடுத்துக் குடிக்கிறான். பாதி குடிக்கும்போதே குடுவை கைதவறி உடைந்துவிடுகிறது. அது சாகாமருந்து என்று பல வருஷம் கழித்து, குரு சாகும் தறுவாயில்தான் தெரிகிறது. பெர்த்தாவையே கட்டிக்கொள்கிறான். அவளுக்கு வயதாகிறது, இவனுக்கு ஆகவில்லை. அக்கம்பக்கம் முணுமுணுக்கிறது. இருவரும் ஊரைவிட்டே போகிறார்கள். அவள் போன பிறகும் இவன் உட்கார்ந்து யோசிக்கிறான்: பாதி மருந்துதானே குடித்தேன், அப்படியானால் சாகாமையும் பாதிதானா? ஒரு நாள் தலையில் ஒரு நரைமுடி தென்படுகிறது. அதைப் பார்த்து அவனுக்குப் பயமா நிம்மதியா என்று அவனுக்கே தெரியவில்லை.

இந்தக் கதை 1865இல் மிலானில் 'ரிவிஸ்தா மீனிமா' என்ற இதழில் இத்தாலிய மொழியில் வந்தது. மேரி ஷெல்லியின் பெயர் இல்லை. 1868இல் 'எம்போரியோ பித்தோரெஸ்கோ' இதழில் மறுபடியும் வந்தது. 'ஆங்கிலத்தைத் தழுவியது' என்ற குறிப்போடு, இகினியோ ஊகோ தார்க்கெத்தி என்ற கையெழுத்தோடு. வின்ஸி அங்கே வின்சென்சோ, பெர்த்தா அங்கே ஒர்த்தென்சியா. மற்றபடி பத்திக்குப் பத்தி ஷெல்லிதான். தார்க்கெத்தி அடுத்த வருஷமே, முப்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். அவருடைய 'ரக்கோன்தி ஃபந்தாஸ்திசி' தொகுப்பு அதே 1869இல் வந்தது. இத்தாலிய அமானுஷ்யக் கதையின் தொடக்கம் எது என்று கேட்டால் பலரும் அந்தத் தொகுப்பைத்தான் காட்டுகிறார்கள்.

ராஜா, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். மேரி ஷெல்லி 1818 முதல் 1823 வரை இத்தாலியிலேயே வாழ்ந்தவர். கணவரைக் கடலில் பறிகொடுத்ததும் அந்த நாட்டில்தான். ஆனால் அவருடைய 'ஃபிராங்கன்ஸ்டைன்' முதன்முதலாக இத்தாலிய மொழியில் வந்தது 1944இல், ரோமில். மூலம் வந்து 126 ஆண்டுகள் கழித்து! அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே பெயர் சொல்லாமல் அவருடைய ஒரு கதை இத்தாலிய வாசகரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது அங்கே ஒரு மரபையே தொடங்கிவைத்தது. ஆங்கில மூலத்தை மட்டும் படிப்பவருக்கு இந்தப் பயணம் கண்ணிலேயே படாது.

#4 சரவணப்பொய்கை (கோவை)

பூனை அவர்களே, தார்க்கெத்தி செய்ததற்கு மரபு, பயணம் என்றெல்லாம் பட்டம் கட்டலாமா? திருட்டு என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். நான் பிழைப்புக்காக மொழிபெயர்ப்பவன். மூல ஆசிரியர் ஒரு பெண், இறந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது, கேட்க ஆள் இல்லை. அவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவரை 'முன்னோடி' என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

#5 நூலகப்பூனை (துரின்)

சார், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறைத்தது மறைத்ததுதான். இதை வெளியே கொண்டுவந்து விரிவாக எழுதியவரும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான்: அமெரிக்காவின் லாரன்ஸ் வெனுட்டி. தார்க்கெத்தியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரே அவர். திருட்டு என்பதை அவர் மழுப்பவில்லை. ஆனால் அங்கேயே நிற்கவும் இல்லை. யதார்த்த நாவல் கோலோச்சிய ஒரு மொழிக்குள் வெளியிலிருந்து இந்தக் கதைவகையைக் கொண்டுவந்து இறக்கியதில் ஓர் எதிர்ப்பும் இருந்தது என்கிறார். எனக்கு அந்தப் பார்வை சரியாகப் படுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

#6 பலெர்மோப்பொடியன் (பலெர்மோ)

வணக்கம் அக்கா, வணக்கம் அண்ணையாக்கள். நான் பலெர்மோவில இருக்கிறன். இஞ்ச பிறந்து வளர்ந்த பிள்ளையளுக்கு இத்தாலியன்தான் வாசிக்கிற பாஷை, எனக்கும் அப்பிடித்தான். இந்த இழையைப் பார்க்கச் சந்தோசமாக் கிடக்கு.

ஞாயிற்றுக்கிழமையில பியாத்சா மரீனாவில பழஞ்சாமான் சந்தை போடுவினம். தளபாடம், பீங்கான், பழைய காசு எல்லாத்துக்கும் நடுவில புத்தகப் பெட்டியளும் இருக்கும். நீங்கள் சொன்ன 'ரக்கோன்தி தி திராகுலா' எனக்கு அதில கனக்க அம்பிட்டிருக்கு. சின்னப் பொக்கட் அளவு. தாள் பழுத்து, விளிம்பைத் தொட்டாலே உதிரும். அட்டைப் படம் மட்டும் நேற்றுக் கீறின மாதிரிப் பளிச்செண்டு இருக்கும்: கல்லறை, மெழுகுதிரி, பயந்து ஓடுற ஒரு பெண். கதை நடக்கிற இடம் எப்பவும் ஸ்கொட்லாந்து, இல்லாட்டில் லண்டன் மூடுபனி. ஆனா சாப்பாட்டு மேசைக் காட்சி வந்தால் எனக்கு உடன விளங்கிப்போடும், இது இஞ்சத்தை ஆள் எழுதினது எண்டு. ஸ்கொட்லாந்துப் பிரபு சாப்பிடுற முறையும் வைனைப் பற்றிக் கதைக்கிற விதமும் அப்பிடியே இத்தாலி.

ஒரு கேள்வி. சொந்தப் பெயரில எழுதினா என்ன குறைஞ்சு போயிருக்கும்? ஏன் அவ்வளவு பேரும் ஒளிச்சவை?

#7 அச்சுப்பிழை (சென்னை)

தம்பி, விற்பனைதான் முதல் காரணம். இத்தாலியப் பெயர் போட்டால் திகில் கதை விற்காது என்று பதிப்பாளர்கள் நம்பினார்கள். அறிவியல் புனைவிலும் அதே கதைதான். மொன்தாதோரி பதிப்பகத்தின் 'உரானியா' தொடரில் எழுதிய லூயிஜி ரபூட்சி, எல். ஆர். யொஹான்னிஸ் என்ற பெயரில்தான் வந்தார். பறக்கும் தட்டு லூக்கா மாதிரி ஓர் இத்தாலிய ஊரில் இறங்க முடியாது என்று அந்தத் தொடரின் ஆசிரியர் கார்லோ ஃப்ருத்தேரோ சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை அங்கே சுற்றுகிறது. இத்தாலிய எழுத்தாளர்கள் பலருக்கு அந்தப் பேச்சு ஆறாத காயம்.

ஆனால் அதே ஃப்ருத்தேரோ செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். பூனை துரினில் இருக்கிறார், அவர் எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

#8 நூலகப்பூனை (துரின்)

சந்தோஷமாக எழுதுகிறேன் அச்சுப்பிழை சார். இந்த இழையைத் தொடங்கியதற்கே பாதிக் காரணம் அவரும் அவருடைய கூட்டாளி ஃப்ராங்கோ லுச்சென்தீனியும்தான்.

இருவரும் துரினில் எய்னவுதி பதிப்பகத்துக்கு வேலை செய்தவர்கள். எய்னவுதி என்றால் பவேசே, கால்வினோ மாதிரி பெரிய இத்தாலிய எழுத்தாளர்கள் வேலை பார்த்த இடம். அங்கிருந்து 1960இல் 'ஸ்தோரியே தி ஃபந்தாஸ்மி' என்ற கனத்த தொகுப்பு வந்தது. ஆங்கில, அமெரிக்க அமானுஷ்யக் கதைகளுக்கென்றே ஒரு புத்தகம். லவ்கிராஃப்ட் அதில் இருந்தார். பத்திரிகைக் கடையில் டிராகுலா தொடர் தொங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கல்லூரிப் பேராசிரியர்கள் வாங்கும் பதிப்பகத்திலிருந்து பேய்க்கதை வருகிறது! அந்த ஒரு புத்தகம் பேய்க்கதைக்கு இலக்கியத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். 1966இல் இதே இருவர் லவ்கிராஃப்ட் கதைகளை மட்டும் பொறுக்கி 'இ மோஸ்த்ரி அல்லாங்கொலோ தெல்லா ஸ்த்ராதா' என்ற தொகுப்பை மொன்தாதோரிக்குச் செய்தார்கள். இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் இத்தாலிய வாசகர்களில் பலர் லவ்கிராஃப்டைப் பிடித்துக்கொண்டது அந்தப் புத்தகத்தில்தான்.

லுச்சென்தீனியைப் பற்றி இன்னொன்று. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸின் 'ஃபிக்ஸியோனெஸ்' சிறுகதைத் தொகுப்பு 1955இல் எய்னவுதியில் இத்தாலிய மொழியில் வந்ததே, அதன் மொழிபெயர்ப்பாளர் இவர்தான். அந்தப் பதிப்புக்கு வைத்த தலைப்பு 'லா பிப்லியோதேகா தி பபேலே'. பாபேல் நூலகம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

#9 சரவணப்பொய்கை (கோவை)

ஃப்ருத்தேரோ, லுச்சென்தீனி பற்றி இவ்வளவு சொன்னீர்கள். அவர்கள் 1985 வரை நடத்திய 'உரானியா'வில் நாவல்களை வெட்டினார்களே, அதை யார் சொல்வது? இதழுக்கு இத்தனை பக்கம்தான் என்று கணக்கு. நாவல் நீண்டால் கத்தரி. வாங்கிய வாசகருக்கு எது போனது என்றே தெரியாது.

டிராகுலாவும் அப்படித்தான். 1922இல் மிலானில் சொன்சோஞோ பதிப்பகம் ஆஞ்செலோ நெஸ்ஸியின் மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தது சுருக்கப்பட்ட பதிப்பு. ஸ்டோக்கர் அந்த நாவலை நாட்குறிப்பு, கடிதம், தந்தி, கப்பலின் பதிவேடு என்று துண்டு துண்டாக அடுக்கியிருப்பார். எல்லார் குரலும் கேட்கும், டிராகுலாவின் குரல் மட்டும் அவன் பக்கத்திலிருந்து வராது. அதுதான் பயம். அதில் துண்டுகளைக் குறைத்தால் கட்டடமே ஆட்டம் கண்டுவிடும்.

எனவே என் கட்சி வேறு. ஜூசெப்பே லிப்பி 1989 முதல் 1992 வரை மொன்தாதோரிக்காக லவ்கிராஃப்டின் கதைகள் முழுவதையும் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் எஸ். டி. ஜோஷி (நம் புனேவில் பிறந்தவர்தான்) கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பிழை நீக்கிய பாடம் அதற்கு அடிப்படை. இதுதான் மொழிபெயர்ப்பாளரின் நேர்மை. மறுகண்டுபிடிப்பு என்றால் இதைத்தான் கொண்டாட வேண்டும். வெட்டுப்பட்ட பழைய பதிப்பு சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போகட்டும்.

#10 கோதிக்ராஜா (மதுரை)

சரவணன் சார் சொல்வதுதான் எனக்கும் சரியாகத் தெரிகிறது. முழுசாக இருப்பதை விட்டுவிட்டு அரைகுறையை ஏன் படிக்க வேண்டும்?

#11 நூலகப்பூனை (துரின்)

முதல் தடவை லவ்கிராஃப்ட் படிக்கப்போகிறவரிடம் நானும் லிப்பியைத்தான் கொடுப்பேன் ராஜா. அதில் சண்டையே இல்லை. வாசகரிடம் சொல்லாமல் வெட்டியதையும் நான் நியாயப்படுத்தவில்லை.

நான் கேட்பது வேறு. 1922இல் இத்தாலிய வாசகர் ஒருவர் டிராகுலாவைப் படித்து ராத்திரி தூங்காமல் கிடந்தார் என்றால், அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஸ்டோக்கரும் நெஸ்ஸியும் சேர்ந்துதான். நெஸ்ஸி யார்? சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியான திச்சீனோவின் எழுத்தாளர். எதைக் குறைத்தார், எதை விட்டுவைத்தார், எந்த இடத்தில் நிதானித்தார் என்று பார்த்தால் அந்தக் காலத்து வாசகர் எதற்குப் பயந்தார் என்பது தெரியும். முழுமையான புதிய மொழிபெயர்ப்பு எனக்கு ஸ்டோக்கரைக் காட்டும். நெஸ்ஸியின் பிரதி 1922இன் மிலானைக் காட்டும். அலமாரியில் பூட்டி வைத்தால் அது போய்விடும்.

அப்புறம் ஒரு வருத்தம். இந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களில் பலருடைய பெயர் அட்டையில் கிடையாது, முகப்புப் பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு. பத்திரிகைகளில் வந்த கதைகளில் அதுவும் கிடையாது. நீங்களும் இதே தொழிலில் இருப்பவர் சார். உங்களுக்கு இது உறுத்தவில்லையா?

#12 சரவணப்பொய்கை (கோவை)

உறுத்துகிறது. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். வெட்டைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

#13 அச்சுப்பிழை (சென்னை)

பூனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன பாபேல் நூலகத்துக்கு வருகிறேன். இது என் பேட்டை, கொஞ்சம் நீளும்.

பார்மா நகரத்தில் ஃப்ராங்கோ மரியா ரிச்சி என்று ஒரு பதிப்பாளர். 1937இல் பிறந்து 2020இல் காலமானவர். பார்மாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாபெரும் அச்சுக்கலைஞர் ஜாம்பத்தீஸ்தா போதோனியின் மேல் தீராத பித்து. போதோனியின் எழுத்துரு நூலை அச்சு அசலாக மறுபதிப்புச் செய்துதான் ரிச்சி பதிப்புத் தொழிலுக்குள் வந்தார். தன் புத்தகங்களையும் போதோனி எழுத்திலேயே கோத்தார்.

இந்த ரிச்சி 1975இல் போர்ஹேஸைப் பொறுப்பாசிரியராக வைத்து ஒரு வரிசையைத் தொடங்கினார். பெயர் 'லா பிப்லியோதேகா தி பபேலே'. இருபது வருஷத்துக்கு முன் லுச்சென்தீனி மொழிபெயர்த்த புத்தகத்தின் அதே தலைப்பு! ஒவ்வொரு நூலுக்கும் போர்ஹேஸ் முன்னுரை. மெக்கன், டன்சனி, மெய்ரிங்க், வில்யே த லில்-ஆதாம், கஸோத், பெக்ஃபோர்டின் 'வாத்தெக்', சீனத்தின் பூ சோங்லிங், அர்ஜென்டினாவின் லுகோனெஸ் என்று போகும். நெட்டையான ஒல்லி வடிவம். கையில் எடுத்தால் ஏதோ பிரார்த்தனைப் புத்தகம்போல் இருக்கும். என்னிடம் டன்சனி தொகுதி இருக்கிறது. தாளின் சொரசொரப்பும் ஓரத்தில் விட்டிருக்கும் தாராளமான வெள்ளை இடமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பேய்க்கதை என்றால் மட்டமான தாளில்தான் வரும் என்று பழகிய கண்ணுக்கு இது பெரிய விஷயம்.

இந்த வரிசையில் ஓர் இத்தாலியரும் உண்டு: ஜொவான்னி பபீனி. சிறுவயதில் தான் படித்த பபீனியை உலகம் அநியாயமாக மறந்துவிட்டது என்ற ஆதங்கத்தோடு போர்ஹேஸ் முன்னுரை எழுதினார். இத்தாலியரின் சொந்த எழுத்தாளரை இத்தாலியருக்கே எடுத்துக் கொடுக்க புவெனஸ் அய்ரெஸிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

இப்போது பூனையின் முதல் பதிவுக்கு ஒரு கூடுதல் முடிச்சு. 'ஒட்ரான்டோ கோட்டை'யின் ஓர் அழகான ஆங்கிலப் பதிப்பு 1791இல் லண்டன் புத்தக வியாபாரி ஒருவருக்காக அச்சிடப்பட்டது. எங்கே? பார்மாவில். அச்சிட்டவர் போதோனி. அந்த நாவல் உண்மையிலேயே இத்தாலிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டு 1795இல் வந்தது. அது அச்சானதோ லண்டனில்!

#14 நூலகப்பூனை (துரின்)

சார், பார்மா முடிச்சு எனக்குப் புதுசு. கை கொடுங்கள்.

அர்ஜென்டினா என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். ஹுவான் ரொதோல்ஃபோ வில்காக். போர்ஹேஸ், பியோய் கசாரேஸ், சில்வினா ஒகாம்போ கூட்டத்தில் இருந்தவர். 1950களில் இத்தாலிக்கு வந்து தங்கி, இத்தாலிய மொழியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். எம். பி. ஷீலின் 'பர்ப்பிள் கிளவுட்' நாவலை அவர் மொழிபெயர்த்து அதெல்ஃபி பதிப்பகம் 1967இல் வெளியிட்டது. விஷ மேகம் பூமியை மூட, ஒரே ஒருவன் மிஞ்சுகிறான். காலியான நகரங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டே போகிறான். தாய்மொழியை விட்டு வந்த ஒருவர் தன் இரண்டாவது மொழியில் அந்தத் தனிமையை எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஷீலின் நடை எனக்குக் கொஞ்சம் திகட்டும். வில்காக்கிடம் திகட்டவில்லை. ராஜா, உங்கள் 'நமக்கு எதற்கு' கேள்விக்கு இது என் இரண்டாவது பதில்.

அதெல்ஃபியின் பெயர்பெற்ற 'பிப்லியோதேகா' வரிசையில் முதல் எண்ணே 1965இல் வந்த ஆல்ஃபிரட் கூபினின் நாவல்தான். ஒரு கனவு நகரம் அழுகிச் சரிகிற கதை. அதே சமயத்தில் ஜினெவ்ரா பொம்பியானி தன் குடும்பப் பதிப்பகத்தில் 'பெசனேர்வி' என்ற வரிசையில் மெய்ரிங்கின் 'கோலெம்', ஜான் ரேயின் 'மல்பெர்த்யுயி' எல்லாம் கொண்டுவந்தார். 1960களின் நடுப்பகுதி ஒரு பொற்காலம்.

#15 நள்ளிரவுத்தபால் (திருச்சி)

எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றை மட்டும் தொடாமல் இருக்கிறீர்கள். இத்தாலியில் இந்தக் கதைவகை வலதுசாரிகள் கையில் போய்ச் சேர்ந்தது. மெய்ரிங்கின் மூன்று நாவல்களை 1940களில் மொழிபெயர்த்தவர் யார்? யூலியஸ் எவோலா. பாசிசத்துக்கும் வலப்பக்கம் நின்றவர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை 1970இல் முழுதாகக் கொண்டுவந்த ருஸ்கோனி பதிப்பகம் பழமைவாதிகளின் கோட்டை. 1977இல் நவபாசிசக் கட்சியின் இளைஞர்கள் தங்கள் முகாமுக்கு, டோல்கீன் கதையில் வரும் ஹாபிட்களை வைத்து, 'காம்போ ஹாபிட்' என்றே பெயர் வைத்தார்கள். 2023இல் ரோமில் டோல்கீன் கண்காட்சியைத் திறந்துவைக்க வலதுசாரிப் பிரதமர் மெலோனியே வந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு அட்டைப்படத்தையும் தாளையும் ரசிப்பது எப்படி?

#16 நூலகப்பூனை (துரின்)

விடவில்லை தோழர், வரிசையில் இருந்தது. நீங்கள் சொன்ன தகவல்கள் சரி. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

மெய்ரிங்கையே எடுத்துக்கொள்வோம். எவோலாவுக்கு முன்பே, 1926இல் 'கோலெம்' நாவலை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தவர் என்ரீகோ ரொக்கா. கொரீட்சியாவில் பிறந்த யூதர். தொடக்கத்தில் பாசிசத்தை நம்பியவர்தான். யூதர்களை ஒதுக்கிய 1938இன் இனச் சட்டங்கள் அவரிடமிருந்து வேலையைப் பறித்தன. ப்ராக் நகரத்து யூதச் சேரியின் கதையை இத்தாலியருக்குக் கொடுத்த மனிதருக்கு நேர்ந்தது இது. மெய்ரிங்க் என்றதும் எவோலா பெயரை மட்டும் சொன்னால் ரொக்காவை இரண்டாவது தடவையும் பட்டியலிலிருந்து நீக்கியதாக ஆகிவிடும்.

ஃபூரியோ யேசி என்று துரின்காரர் ஒருவர் இருந்தார். வலதுசாரிகள் தொன்மத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று 1979இல் கூர்மையான ஆய்வு நூல் எழுதியவர். முப்பத்தொன்பது வயதில் இறந்துபோனார். அவரும் ஒரு ரத்தக்காட்டேரி நாவல் எழுதி வைத்திருந்தார்! இறந்து ஏழு வருஷம் கழித்து அச்சில் வந்தது. இந்தக் கதைகள் ஒரு கட்சியின் சொத்து என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாமும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

#17 நள்ளிரவுத்தபால் (திருச்சி)

ரொக்கா பற்றித் தெரியாது. நன்றி தோழர். டோல்கீன் விஷயத்தில் என் கருத்து அதேதான். 2019, 20இல் ஒத்தாவியோ ஃபாத்தீகாவின் புது மொழிபெயர்ப்பு வந்தபோது நடந்த கூச்சலே சாட்சி. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு எதிராக அத்தனை கோபம் சும்மா வராது.

#18 மட்டுறுத்துநர்

டோல்கீன் மொழிபெயர்ப்புச் சண்டைக்குத் தனி இழை ஏற்கனவே இருக்கிறது. அங்கே தொடருங்கள். இங்கே தொடக்ககாலக் கதைகளோடு நிற்போம்.

#19 பலெர்மோப்பொடியன் (பலெர்மோ)

அக்கா, இத்தாலியர் தாங்களே எழுதின பழைய கதையளைப் பற்றி நீங்கள் இன்னும் கதைக்கேல்ல. கால்வீனோ 1983இல பத்தொன்பதாம் நூற்றாண்டு அமானுஷ்யக் கதையளுக்கு ஒரு பெரிய தொகுப்புப் போட்டவர். எங்கட பள்ளிக்கூட லைப்ரரியில இருந்தது. ஹொஃப்மன், போ, கோகோல் எல்லாம் கிடக்கு, ஒரு இத்தாலியனும் இல்லை. எனக்கு அப்பவே மனவருத்தம்.

#20 நூலகப்பூனை (துரின்)

எனக்கும் அதே வருத்தம் தம்பி. கடமைக்காக இத்தாலியர்களைச் சேர்க்க விருப்பமில்லை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். கால்வினோவை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுபவள். ஆனாலும் இது பிழையான முடிவு. உலகமெங்கும் படிக்கப்படும் தொகுப்பு அது. தார்க்கெத்தியின் ஒரு கதை அதில் இருந்திருந்தால் எத்தனை மொழிகளுக்குப் போயிருக்கும்!

நல்லவேளை, அடுத்த வருஷமே என்ரீகோ கிதெத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய அமானுஷ்யக் கதைகளைத் தனித் தொகுப்பாகக் கொண்டுவந்தார். 2007இல் ஃபப்ரீட்சியோ ஃபோனி, 1899 முதல் 1932 வரை இத்தாலியப் பத்திரிகைகளில் வந்த திகில், மர்ம, விசித்திரக் கதைகளைத் தோண்டி எடுத்து ஓர் ஆய்வு நூல் எழுதினார். 'தோமெனிகா தெல் கொர்ரியேரே' மாதிரி வீட்டுக்கு வீடு வாங்கிய வார இதழ்களில் எல்லாம் பேயும் பிசாசும் புகுந்து விளையாடியிருப்பது அதைப் படித்த பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. மொழிபெயர்ப்புக் கதையும் சொந்தக் கதையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் படிப்பது அந்தக் கால வாசகருக்கே தெரியாத ஒரு பிரிவினை.

#21 கோதிக்ராஜா (மதுரை)

சரி அக்கா, தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இத்தாலியன் ஆரம்பப் பாடம் அளவுக்குத்தான் தெரியும். எங்கே தொடங்குவது? பலெர்மோ சந்தைக்கு நான் வர முடியாதே.

#22 நூலகப்பூனை (துரின்)

தார்க்கெத்தியில் தொடங்குங்கள். 'லிபெர் லிபெர்' தளத்தில் இலவசமாக இறக்கலாம், பதிப்புரிமை தீர்ந்தவை. ஷெல்லியின் மூலமும் இணையத்தில் இலவசம். இரண்டையும் இரண்டு சாளரத்தில் திறந்து வைத்து வரிவரியாகப் போங்கள். மொழியும் வரும்.

எந்தக் கதை எந்தத் தொகுப்பில், எந்த ஆண்டில், யார் மொழிபெயர்ப்பில் வந்தது என்று பார்க்க 'கத்தாலோகோ வெஜெத்தி' இருக்கிறது. ஏர்னெஸ்தோ வெஜெத்தி என்பவர் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து தொகுத்த பட்டியல். 2010இல் காலமாகிவிட்டார், பட்டியல் இணையத்தில் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பைக் கொடுத்தால் இத்தாலியத் தலைப்புகள் அத்தனையும் வரும். ஒரே கதை வேறு வேறு தலைப்பில் வந்திருப்பதால், இதைப் பார்க்காமல் பழைய புத்தகம் வாங்கவே கூடாது. என்னைக் கேட்டால் வெஜெத்திக்கு ஒரு சிலை வைக்கலாம்.

புதுப் பதிப்பு வேண்டுமென்றால் மிலானின் ஹிப்னோஸ் பதிப்பகத்தைப் பாருங்கள். அமானுஷ்யக் கதைக்கென்றே நடக்கிற சின்னப் பதிப்பகம். அர்கோயிரிஸ் என்ற பதிப்பகத்தில் 'லவ்கிராஃப்டின் நூலகம்' என்று ஒரு வரிசை உண்டு. லவ்கிராஃப்ட் தன் கட்டுரையில் புகழ்ந்த, மறந்துபோன ஆசிரியர்களைத் தேடித் தேடி மொழிபெயர்க்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேட வேண்டியதில்லை என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

#23 சரவணப்பொய்கை (கோவை)

இரண்டு சாளர யோசனை பிடித்திருக்கிறது. கூட்டாகச் செய்யலாமா? ஷெல்லி பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தார்க்கெத்தி எங்கே சேர்த்தார், எங்கே விட்டார் என்று பத்தி வாரியாகக் குறிப்போம். அவர்மேல் எனக்குள்ள வழக்கும் அதோடு தீரட்டும்.

#24 பலெர்மோப்பொடியன் (பலெர்மோ)

நான் இத்தாலியன் பக்கம் நிக்கிறன். பழைய சொல்லுகள் ஏதும் விளங்காட்டில் இஞ்ச கேளுங்கோ ராஜா அண்ணை, எனக்குத் தெரியாட்டில் பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்.

#25 நூலகப்பூனை (துரின்)

அப்படியே செய்வோம். 'ஷெல்லி – தார்க்கெத்தி கூட்டு வாசிப்பு' என்று தனி இழை திறந்துவிட்டேன். முதல் பகுதி, வின்ஸி குடுவையை வாயில் வைக்கிற இடம் வரை. அச்சுப்பிழை சார், 1868 இதழ்ப் பக்கத்தின் படம் எங்காவது கிடைத்தால் அங்கே போடுங்கள்.